மூன்றாம் மாதத்துக்கு முன்னால்

தமிழ்நாட்டின் பழைய வழித்தடங்களில் இன்றும் சில சுமைதாங்கிக் கற்கள் மிஞ்சி நிற்கின்றன. நட்டுவைத்த இரண்டு கற்கள், அவற்றின்மேல் படுக்கையாக ஒரு கல். தலைச்சுமையோடு நடந்து வருபவர், கைகொடுக்க ஆள் இல்லாத இடத்திலும் பாரத்தை இறக்கிவைத்து இளைப்பாறலாம். பிறகு தாமே தூக்கிக்கொண்டு நடக்கலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் இதை நிறுத்துவது வழக்கமாக இருந்தது. கருவுற்றவளின் சாவை இந்தச் சமூகம் வீட்டுத் துக்கம் என்று மட்டும் விட்டுவிடவில்லை, வழிப்போக்கருக்கும் அதில் பங்கு வைத்தது. ஆனால் அந்தக் கல் யாருக்கு நிறுத்தப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். வயிறு வெளியே தெரிந்தவளுக்கு, ஊர் அறிந்த கர்ப்பத்துக்கு. இரண்டாம் மாதத்தில் உதிரம் போய்ச் செத்தவள் கர்ப்பிணி என்பதே பலருக்குத் தெரிந்திருக்காது. கரு கலைந்து, தான் பிழைத்துக்கொண்டவளுக்கோ நினைவுச் சின்னம் எதற்கு? அவள் எழுந்து வேலைக்குப் போயிருப்பாள். நாள் தள்ளிப்போனதிலிருந்து மூன்று மாதம் முடியும்வரை மூச்சுவிடக் கூடாது என்பது வீட்டுப் பெரியவர்களின் கட்டளை. ஐந்திலோ ஏழிலோ வளையல் அடுக்கும்போதுதான் கர்ப்பம் ஊருக்குள் வருகிறது. இந்த மௌனத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பதினைந்து அளவில் தானாகவே கலைந்துபோகின்றன என்றும், அவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்துக்குள் நடக்கின்றன என்றும் இன்றைய மருத்துவம் சொல்கிறது. நிலைக்குமா என்று தெரியாததை ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் பிறகு ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லும் வேதனையிலிருந்து அந்த மௌனம் பெண்ணைக் காத்தது. அதே மௌனம், கலைந்தபோது அவளைத் தனியாகவும் விட்டது.

கர்ப்பகாலப் பராமரிப்பின் வரலாற்றை எழுதுபவர்கள் வழக்கமாக அதை ஒரு முன்னேற்றக் கதையாகச் சொல்வார்கள்: மருத்துவச்சி போய் டாக்டர் வந்தார், குடிசை போய் வார்டு வந்தது, சாவு குறைந்தது. அது பொய்யல்ல. ஆனால் அந்தக் கதையின் திசையைக் கவனித்தால் வேறொன்று புலப்படும். நம் நாட்டில் இந்தப் பராமரிப்பு பிரசவத்தில் தொடங்கிப் பின்னோக்கி நகர்ந்து வந்தது. ஏறத்தாழ 180 ஆண்டுகளில் அது பிரசவ அறையிலிருந்து கடைசி மாதங்களுக்கும், அங்கிருந்து நான்காம் மாதத்துக்கும், கடைசியில் பன்னிரண்டாம் வாரத்துக்கும் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தபோது அந்த முதல் வாரங்களில் சட்டமும் புள்ளிவிவரமும் முன்பே இடம்பிடித்து உட்கார்ந்திருந்தன. ஆகவே தொடக்க வாரங்களில் ஒரு பெண்ணுக்குப் பரிவு கிடைக்காமல் போவதற்குச் செவிலியரின் கடுகடுப்பையோ டாக்டரின் அவசரத்தையோ மட்டும் காரணம் சொல்வது போதாது. கர்ப்பத்தை அதன் முடிவை வைத்தே மதிப்பிடும் ஓர் ஏற்பாடு நூற்றாண்டுக் கணக்கில் கட்டப்பட்டிருக்கிறது. பிள்ளையில் முடியாத கர்ப்பத்துக்கு அதில் இடம் ஒதுக்கப்படவே இல்லை.

மருத்துவமனைக்கு முன்பு கோயில் இருந்தது. தஞ்சை மாவட்டத்துத் திருக்கருகாவூர், தேவாரப் பாடல் பெற்ற தலம். அங்கே அம்மனின் பெயர் கர்ப்பரட்சாம்பிகை. தலபுராணம் இப்படிப் போகிறது: நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை கருவுற்றிருக்கிறாள். கணவர் வெளியே போயிருந்த நேரத்தில் அசதியில் கிடக்கிறாள். ஊர்த்துவபாதர் என்ற முனிவர் பிச்சைக்கு வருகிறார். எழுந்து வர அவளால் முடியவில்லை. அவமதிப்பு என்று எண்ணி அவர் சபிக்கிறார், கரு கலைகிறது. கலைந்த கருவை அம்மன் ஒரு குடத்தில் வைத்துக் காத்துக் குழந்தையாக்கித் தருகிறாள். இன்றும் கரு தங்காத பெண்கள் அங்கே போய் நெய் வாங்கி வருகிறார்கள். அற்புதத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்தக் கதையைச் சொன்னவர்களுக்கு முதல் மாதங்களின் உடல்நிலை நன்றாகத் தெரிந்திருக்கிறது. மசக்கைக்காரியின் சோர்வு வெளியே தெரியாது, நோய்போலவும் இருக்காது. பார்ப்பவருக்குச் சோம்பலாகவோ திமிராகவோ படும். வாசலில் நின்றவர் அதைப் புரிந்துகொள்ளாததுதான் கதையில் விபத்து. அதே சமயம் கோயில் ஏற்றுக்கொண்டதும் கரு தங்க வேண்டும் என்று வருபவளைத்தான். கரு தங்காமல் போய்விட்டது, இனி என் உடம்பு என்ன ஆகும் என்று கேட்பவளுக்கும், இந்தக் கரு எனக்கு வேண்டாம் என்பவளுக்கும் அங்கே பதில் இல்லை. அவர்கள் மருத்துவச்சியிடம் போனார்கள்.

1844இல் எழும்பூரில் மெட்ராஸ் மகப்பேறு மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயருக்கே பிள்ளைபெறப் படுக்கும் இடம் என்றுதான் பொருள். 1854இல் செவிலித்தாய்களுக்கான பயிற்சியை அரசு அங்கே ஏற்படுத்தியது. மேரி ஷார்லிப் 1875இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்து, லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885இல் சாதி இந்துப் பெண்களுக்கும் திரைமறைவில் வாழ்ந்த கோஷாப் பெண்களுக்குமான மருத்துவமனையைத் தொடங்கினார். இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுதான். ஆண் டாக்டர் தொடுவதைவிடச் சாவதே மேல் என்றிருந்த வீடுகளின் பெண்களுக்கு, தொடுவதற்கு ஒரு பெண் கிடைத்தாள். அணுகுவதற்கு எளிதாக இருப்பது என்ற கருத்தை இந்த ஊரில் முதலில் செயலாக்கிய நிறுவனங்களில் இதுவும் ஒன்று. பெயரிலேயே 'சாதி' இருந்ததால் யாருக்கு எளிது என்ற கேள்வியும் கூடவே வந்தது. இந்த இரு இடங்களும் காத்த உயிர்கள் ஏராளம். ஆனால் இவற்றின் கட்டிடமும் பயிற்சியும் பதிவேடும் வலி கண்டு வரும் பெண்ணை எதிர்பார்த்து அமைந்தவை. எட்டாவது வாரத்தில் கறை கண்டு பயந்து வருபவளை அவை எதிர்பார்க்கவில்லை, அவளும் வரவில்லை.

வலி வருவதற்கு முன்பே பெண்ணைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பிரிட்டனில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றது. எடின்பரோவில் மருத்துவர் ஜே. டபிள்யூ. பாலன்டைன் 1901இல் அதற்காகக் குரல் கொடுத்தார். அவருடைய கவலை பெரும்பாலும் கருவில் இருந்த சிசுவைப் பற்றியது. 1929இல் பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகம் ஒரு கால அட்டவணை வகுத்தது: முதல் பரிசோதனை 16ஆம் வாரம், பிறகு 24, 28, அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி மாதத்தில் வாராவாரம். உலகின் பெரும்பகுதி அடுத்த 70 ஆண்டுகளுக்குச் சிறு மாற்றங்களோடு பின்பற்றியது இந்த வார்ப்பைத்தான். இதில் முதல் 15 வாரங்கள் வெற்றிடம். யாரோ கவனக்குறைவாக விட்டதல்ல. இரத்த அழுத்தம், வீக்கம், சிசுவின் கிடை என்று அன்று டாக்டரால் கண்டுபிடிக்க முடிந்தவை எல்லாம் பிந்தைய மாதங்களுக்கு உரியவை. அல்ட்ராசவுண்டு வழியாகக் கருப்பைக்குள் பார்க்கும் முறையை கிளாஸ்கோவின் இயன் டொனால்டு வெளியிட்டது 1958இல்தான். பார்க்க முடியாததற்கு அட்டவணை போடுவதில் பயனில்லை என்று அவர்கள் நினைத்திருந்தால் குறைசொல்ல முடியாது. கருவி வந்த பிறகும் அந்த வெற்றிடம் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்ததுதான் குறை.

அந்த வெற்றிடத்தில் என்ன இருந்தது என்பதற்கான ஒரு துப்பு சென்னை வழியாகவும் கடந்துபோனது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவ ஆய்வாளர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடும் இரத்தசோகையால் ஏன் சாகிறார்கள் என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. மருத்துவர் மார்கரெட் பால்ஃபரோடு சேர்ந்து அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று விசாரித்தார். இடையே குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்தார். 1931இன் தொடக்கத்தில் நம் கோஷா மருத்துவமனையில் இருந்தார். ஈஸ்ட் சாரமான மார்மைட் என்ற மலிவான பொருளைக் கொடுத்தால் அந்த வகை இரத்தசோகை குணமாகிறது என்று அதே ஆண்டில் வெளியிட்டார். அதற்குள் இருந்த சத்து எதுவென்று அப்போது யாருக்கும் தெரியாது. 'வில்ஸ் காரணி' என்றே அழைத்தார்கள். 1941இல் அது கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. 1991இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றத்தின் பன்னாட்டுச் சோதனை, ஏற்கெனவே நரம்புக்குழாய்க் குறையோடு பிள்ளை பெற்ற தாய்மார் கருவுறும் காலத்தை ஒட்டி ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் அந்தக் குறை மறுபடி வருவது 72 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. மூளையும் தண்டுவடமுமாக வளரும் அந்தக் குழாய் கருவுற்ற நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. அதாவது நாள் தள்ளிப்போனதா, அலைச்சலில் தவறியதா என்று பெண் யோசித்துக்கொண்டிருக்கும்போதே காரியம் முடிந்துவிடும். வயிறு நிறைந்த பெண்களின் வெளுத்த முகத்திலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி, 60 ஆண்டுகள் கழித்து அட்டவணையில் இல்லாத வாரங்களில் போய் நின்றது. இந்தியாவோ 1970இல் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, இரத்தசோகையை நினைத்து, பிந்தைய மாதங்களுக்கே கொடுத்தது. அன்றைய அறிவுக்கு அது சரிதான். எனினும் தொடக்க வாரங்களில் ஒரு பெண் எளிதாக வந்து பேசக்கூடிய வாசல் ஒன்று இருந்திருந்தால், புதிய அறிவு போய்ச் சேர வழியும் இருந்திருக்கும்.

வாசல் இருந்தது, அதில் காவல் நின்றது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவில் கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்வது ஒன்றே விதிவிலக்கு. மற்றபடி மூன்றாண்டு வரை சிறை. வயிற்றில் அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழாண்டு வரை. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதில் அடங்குவாள் என்று ஒரு விளக்கமும் சேர்க்கப்பட்டது. தொடக்க கர்ப்பத்தை இந்த நாட்டில் அரசு முதன்முதலில் பார்த்தது இந்தப் பார்வையில்தான்: நோயாக அல்ல, துயரமாக அல்ல, குற்றமாக. தானாகக் கலைந்த கருவுக்கும் கலைத்த கருவுக்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசம் இல்லை. இரண்டிலும் உதிரம், இரண்டிலும் வலி. ஆகவே உதிரப்போக்கோடு வரும் எந்தப் பெண்ணும் 'என்ன சாப்பிட்டே?' என்ற கேள்விக்கு உட்பட்டவள் ஆனாள். பப்பாளி, அன்னாசி, எள் என்று வீட்டார் கேட்கும் அதே கேள்வி, மருத்துவமனையில் சட்டத்தின் குரலில் கேட்கப்பட்டது. கருச்சிதைவுகளில் பாதியளவோ அதற்கு மேலோ கருவின் குரோமோசோம் கோளாறால் நேர்பவை. அவள் சாப்பிட்டதும் தூக்கியதும் காரணமல்ல. அதைச் சொல்லித் தேற்ற வேண்டிய இடம், வாக்குமூலம் வாங்கும் இடமாக மாறியது.

சுதந்திரத்தை ஒட்டிக் காவலரின் இடத்தில் கணக்கர் வந்தார். போர் (Bhore) தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு 1946இல் அறிக்கை தந்தபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் பெண்கள் மகப்பேறு தொடர்பான காரணங்களால் சாவதாக மதிப்பிட்டது. அடுத்து மக்கள்தொகை அச்சம் எழுந்தது. 1950களின் பிற்பாதியிலேயே மெட்ராஸ் அரசு குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. சாந்திலால் ஷா தலைமையில் 1964இல் அமைந்த குழு, ஆண்டுக்கு 39 லட்சம் கருக்கலைப்புகளும் 26 லட்சம் தானாக நேரும் கருச்சிதைவுகளும் நடப்பதாக 1966இல் மதிப்பிட்டது. அதன் பரிந்துரையில் பிறந்ததுதான் 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். உலகின் பல நாடுகளைவிட முன்னதாக வந்த, உயிர்காத்த சட்டம் அது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதன் வாசகம் பெண்ணின் விருப்பத்தை அடிப்படையாக வைக்கவில்லை, டாக்டரின் கருத்தை வைத்தது. கருத்தடை பலனளிக்காமல் போனது என்ற காரணத்தை மணமான பெண்ணுக்கு மட்டுமே தந்தது. 2021 திருத்தத்தில்தான் 'மணமான' என்ற சொல் போனது, 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மணமாகாதவர்களுக்கும் அதே உரிமை என்று தெளிவாக்கியது. பெரியார் 1930களிலேயே கருத்தடைக்கு நாட்டின் பொருளாதாரத்தையோ பெண்ணின் உடல்நலத்தையோ முதன்மைக் காரணமாகச் சொல்லாமல் அவளுடைய விடுதலையைச் சொன்னார். அந்த வாதம் சட்டத்தின் வாசகத்துக்குள் நுழைய நீண்ட காலம் பிடித்தது.

கணக்கரின் பரிவு எப்படிப்பட்டது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பதிவுகள் உண்டு. 1990களின் நடுவில் சென்னையில் ஆய்வு செய்த மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், பிரசவத்துக்கும் கருக்கலைப்புக்கும் பின் பெண்களின் சம்மதம் சரிவரப் பெறாமலே கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டதைப் பற்றி எழுதினார். செங்கல்பட்டு வட்டாரத்தில் 1981 முதல் இயங்கும் ரூவ்செக் என்ற பெண்கள் அமைப்பைச் சேர்ந்த சுந்தரி ரவீந்திரனும் பாலசுப்பிரமணியனும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கசப்பானது. கணவனோடு உறவை மறுக்கும் உரிமை இல்லாத கிராமத்துப் பெண்களுக்குக் கருக்கலைப்பு மட்டும் அனுமதிக்கப்பட்டதாக இருந்தது என்பதே அதன் சாரம். கணவன் கையெழுத்து வேண்டும் என்று சட்டம் எங்கும் கேட்கவில்லை, மருத்துவமனைகள் கேட்டன. அடுத்து அறுவை செய்துகொள்வாயா என்றும் கேட்டன. எந்த முடிவோடு வந்தாலும் அந்தப் பெண் ஓர் இலக்கின் பகுதியாகவே வரவேற்கப்பட்டாள். விளைவு எதிர்பார்க்கக் கூடியதுதான். 2015இல் இந்தியாவில் நடந்ததாக மதிப்பிடப்பட்ட 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகளில் 73 விழுக்காடு, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரை மூலம் நடந்தவை. தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலத் தரவுகளை அடிப்படையாக வைத்து 2018ஆம் ஆண்டின் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்த கணக்கு இது. மருத்துவமனைகளின் வாசல் எப்படி இருக்கிறது என்பதைப் பெண்கள் தங்கள் நடையால் சொல்லிவிட்டார்கள்.

பரிசோதனை கடைசியில் 12ஆம் வாரத்துக்கு வந்தது எப்படி? பணத்தின் கைபிடித்துத்தான். 1912இல் பட்டம் பெற்று எழும்பூரில் பணியாற்றிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987இல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டம் 300 ரூபாயில் ஆரம்பித்து, 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று வளர்ந்தது. 2018 ஏற்பாட்டின்படி 12 வாரத்துக்குள் பதிவு செய்தவருக்கு முதல் தவணை 2,000 ரூபாயாக இருந்தது. கிராம சுகாதார செவிலியர் கணினியில் பதிந்து எண் கொடுப்பார். 2017இல் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் தேவை என்றானது. ஏழைப் பெண்களைத் தொடக்கத்திலேயே சுகாதார நிலையத்துக்கு அழைத்துவந்ததில் இந்தத் திட்டத்துக்கு ஈடு இல்லை. ஆயினும் அந்தத் தவணைகள் எதைக் குறிவைத்து வரிசையாக நின்றன என்று பாருங்கள்: பதிவு, பரிசோதனை, பிரசவம், தடுப்பூசி. இடையில் கர்ப்பம் கலைந்தால் அந்த வரிசை அறுந்துபோனது. மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த மாத்ரு வந்தனா மகப்பேறு உதவித் திட்டத்தின் அப்போதைய வழிகாட்டி நெறிமுறையோ, கருச்சிதைவு நேர்ந்தால் மீதித் தவணைகளை அடுத்த கர்ப்பத்தில் பெற்றுக்கொள்ளலாம் என்றது. கணக்கு வழக்கில் அது தாராளம்தான். கரு கலைந்து படுத்திருப்பவளுக்கு இந்த மாதம் சத்துணவும் ஓய்வும் வேண்டாமா என்ற கேள்வி அந்த வாக்கியத்தை எழுதியவருக்குத் தோன்றவில்லை.

தொடக்க வாரங்களுக்கும் பரிவான கவனிப்பு வேண்டும் என்ற வாதத்துக்கு முதல் மறுப்பு, முன்னுரிமை பற்றியது. சாவு பிரசவத்தில்தான் நடக்கிறது. இருக்கும் படுக்கையும் பணமும் அங்கேதான் போக வேண்டும். மற்றது மனத்துயர், அது காத்திருக்கலாம் என்பது. 1946இல் இதை மறுத்துப் பேச முடியாது. இன்று தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன; 2018-20 கணக்கில் தாய் இறப்பு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54. அந்தப் போரில் பெரும்பகுதியை வென்றாகிவிட்டது. தவிர, சாவு தொடக்க மாதங்களில் இல்லை என்பதும் உண்மையல்ல. 2001-03 இந்தியக் கணக்கெடுப்பு தாய் இறப்புகளில் 8 விழுக்காட்டுக்குக் கருக்கலைப்பைக் காரணமாகக் காட்டியது. கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் வெடித்தால் சில மணி நேரம்தான் அவகாசம். அது பெரும்பாலும் ஆறிலிருந்து பத்து வாரத்துக்குள் தலைகாட்டும். லேசான கறைக்குக் கூச்சமின்றி வந்து ஸ்கேன் பார்க்க முடிகிற பெண்தான் அதில் பிழைப்பாள். இங்கே பரிவு என்பது சிகிச்சைக்கு மேல் தூவும் அலங்காரமல்ல. திட்டு வாங்குவோம் என்று தெரிந்தால் அவள் காலையில் வரமாட்டாள். இரவில் ஆம்புலன்ஸில் வருவாள்.

அரசாங்கத்தால் தர முடியாத கனிவை அம்மாவும் அத்தையும் மருத்துவச்சியும் வீட்டிலேயே தந்தார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. கஷாயமும் ஓய்வும் கிடைத்த வீடுகள் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கனிவு பெண்ணின் நிலையைப் பொறுத்து அளக்கப்பட்டது. பிறந்த வீட்டுக்குப் போக முடிந்தவளுக்கு ஒன்று, மாமியாரிடமிருந்து 'இதுவும் தங்கலையா' என்ற பேச்சு வாங்கியவளுக்கு ஒன்று, விதவைக்கும் மணமாகாதவளுக்கும் வேறொன்று. மருத்துவச்சியின் கைத்திறனை மதிக்கும் இன்றைய எழுத்துகள், அவள் பெரும்பாலும் நாவிதர் குலப் பெண் என்பதையும், பிள்ளை எடுத்த கைக்கே தீட்டு ஒட்டிய சமூகம் அது என்பதையும் மறந்துவிடுகின்றன. வீடு தந்ததை மருத்துவமனை பிடுங்கிக்கொண்டது என்று சொல்வதைவிட, வீடு சிலருக்கு மட்டும் தந்ததை மருத்துவமனை யாருக்கும் தரவில்லை என்று சொல்வது உண்மைக்கு நெருக்கமானது.

மூன்றாவது மறுப்பு வலுவானது. உசிலம்பட்டியையும் சேலத்தையும் தருமபுரியையும் மறந்துவிட்டா பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். பெண் சிசுக்கொலைக்கு எதிராக 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. பாலினம் கண்டறிவதைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 1994இல் வந்தது. ஸ்கேன் அறையையும் கருக்கலைப்பு அறையையும் கண்காணிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. கண்காணிப்பு தேவை என்பதில் எனக்கு மாறுபாடில்லை. யாரைக் கண்காணிப்பது என்பதில்தான். ஏழாம் வாரத்து ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று தெரியாது. அந்த வாரத்தில் கருவைக் கலைக்க வருபவளைப் பெண் சிசுவைக் கொல்ல வந்தவளாகப் பார்ப்பது சட்டத்தின் நோக்கத்தையே குழப்புவது. அந்தச் சந்தேகத்துக்குப் பயந்து அவள் நாள் கடத்தினால், பாலினம் தெரியக்கூடிய, உடலுக்கும் ஆபத்து கூடுகிற வாரங்களுக்குத்தான் போய்ச் சேர்வாள். 18 வயது நிறையாத பெண்ணின் நிலை இதைவிடச் சிக்கல். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி டாக்டர் தகவல் தர வேண்டும். போலீஸ் வரும் என்ற பயத்தில் அவள் டாக்டரிடமே வரமாட்டாள். தகவல் தரும்போது அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று அதே 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொன்னது, இந்த முடிச்சைப் புரிந்துகொண்டுதான்.

கடைசியாக, கனிவை அரசாணை போட்டு வரவழைக்க முடியுமா என்ற ஏளனம். முடியும் என்பதற்கு இதே மாநிலம் சாட்சி. பிரசவ அறையில் பெண் தனியாகக் கிடந்து கத்துவதும் வசவு வாங்குவதும் இயல்பு என்று இருந்தது. 2004இல் தமிழ்நாடு அரசு, பிரசவ நேரத்தில் உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்று ஏற்பாடு செய்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர் இருக்கும்படி செய்யப்பட்டது. ஒவ்வொரு தாய் இறப்பையும் விசாரிக்கும் வழக்கம் 1990களிலேயே தொடங்கியிருந்தது. யாருடைய மனமும் ஒரே இரவில் மாறவில்லை. ஏற்பாடு மாறியது, அதற்கேற்ப நடத்தை மெல்ல மாறியது. தொடக்க வாரங்களுக்கும் இதே வகை ஏற்பாடு சாத்தியம். இங்கிலாந்தில் கரு நிலைக்குமா என்ற ஐயத்தோடு வரும் பெண்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்றை நடத்திய மருத்துவமனையின் அனுபவம் 1991இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. நேராக வரலாம், அன்றே ஸ்கேன், அன்றே பதில். பலர் உள்நோயாளியாகச் சேரவே தேவையில்லாமல் போனது, செலவும் குறைந்தது. பிறகு அந்நாடு முழுவதும் அத்தகைய பிரிவுகள் பரவின. மூன்று முறை கலைந்த பிறகுதான் காரணம் தேடுவது என்ற பழைய மருத்துவ வழக்கத்தை 2021இல் லான்செட் இதழின் கட்டுரைகள் எதிர்த்து, முதல் இழப்பிலிருந்தே கவனிப்பு வேண்டும் என்று வாதிட்டன.

நம்மிடம் இதற்குச் சட்டத்தின் பிடிமானம்கூடப் பழையதாகவே இருக்கிறது. ஆலைப் பெண்களுக்கு மகப்பேற்றுச் சலுகை தரும் சட்டம் பம்பாயில் 1929இலும் மெட்ராஸில் 1934இலும் வந்தது. நாடு முழுவதற்குமான 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, கருச்சிதைவுக்குப் பின் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றது. அதனால் உடல்நலம் கெட்டால் மேலும் ஒரு மாதம் உண்டு. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த ஆறு வாரம் இடம்பெற்றிருக்கிறது. பிள்ளையில் முடியாத கர்ப்பத்துக்கும் ஓர் உடல் உண்டு, அதற்கு ஓய்வு வேண்டும் என்று ஒப்புக்கொண்ட அரிய வாக்கியம் அது. அந்த விடுப்பைக் கேட்கச் சான்று வேண்டும். சான்று தர டாக்டர் வேண்டும். எட்டாவது வாரத்தில் வீட்டிலேயே உதிரம் கண்டு முடிந்துபோனவளிடமும், மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு தனியாகக் கிடந்தவளிடமும் காட்டுவதற்குக் காகிதம் எதுவும் இருக்காது. வயலில் நாற்று நடுபவளும் வீட்டில் பீடி சுற்றுபவளும் ஆறு வாரச் சம்பளத்தை யாரிடம் கேட்பது என்பதற்கும் இதுவரை பதில் எழுதப்படவில்லை.